மயிரிழையும் தோட்டாவும்: டோக்கியோவில் பழைய உளவுப்படச் சுவரொட்டிகளைத் தேடி

முதல் நாள்: ஜிம்போச்சோ

ஜிம்போச்சோ சுரங்கரயில் நிலையத்திலிருந்து மேலேறி யாசுகுனி சாலைக்கு வந்தபோது காலை மணி ஒன்பதரை. பழைய புத்தகக் கடைகள் திறக்க இன்னும் அரைமணி நேரமாவது ஆகும் என்பதால், சாலையின் தெற்குப் பக்க நடைபாதையில் மெல்ல நடந்தேன். இந்தத் தெருவுக்கு முதன்முறை வருபவர்கள், கடைகள் ஏன் ஒரே பக்கத்தில் இப்படி நெருக்கியடித்து நிற்கின்றன என்று வியப்பார்கள். தெற்குப் பக்கக் கடையின் வாசல் வடக்கு நோக்கி இருக்கும். வடக்கு வாசலில் நேர் வெயில் விழாது. வெயில் விழாத இடத்தில் காகிதம் பழுக்காது. காகிதத்தால் பிழைப்பவர்கள் காலங்காலமாகப் பின்பற்றிவரும் இந்த எளிய கணக்கும் ஒரு காரணமாகத்தான், அறுபது ஆண்டுகளுக்கு முன் சில வாரங்கள் ஒட்டிவைத்துக் கிழித்தெறிவதற்காக அச்சிட்ட தாள்கள் இன்றும் சிவப்பைச் சிவப்பாகவே வைத்துக்கொண்டு இங்கே கிடைக்கின்றன.

நான் சேகரிப்பவை 1960களில் ஜப்பானில் வெளியான உளவுப் படங்களின் சுவரொட்டிகள். அவற்றில் இரண்டு வகை உண்டு. வெளிநாட்டுப் படங்களுக்காக அங்குள்ள விநியோகஸ்தர்கள் தாமே தலைப்பு வைத்து, தாமே வடிவமைத்து, தாமே அச்சிட்டவை ஒரு வகை. ஜப்பானிய ஸ்டுடியோக்கள் தங்கள் சொந்த உளவாளிகளுக்காக அச்சிட்டவை மற்றொரு வகை. முதல் வகையை உலகமெங்கும் தேடுகிறார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கிறது. இரண்டாம் வகையை ஜப்பானுக்கு வெளியே தேடுபவர்கள் குறைவு. என் மனம் இரண்டிலும் சம அளவில் ஈடுபட்டிருக்கிறது.

அக்டோபர் இறுதி என்பதால் கான்டா பழைய புத்தகத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. நடைபாதை நெடுகத் தற்காலிக அலமாரிகள் போட்டிருந்தார்கள். அங்கே சுவரொட்டி கிடைக்காது என்று தெரிந்திருந்தும் ஒவ்வோர் அலமாரியின் முன்னும் நின்றேன். 1918இல் தொடங்கி, இன்று சினிமா, நாடக நூல்களுக்குப் பெயர்பெற்ற யகுச்சி ஷோதென் கடையின் பக்கச் சுவரில், தெருவைப் பார்த்தபடி அடுக்கிய அலமாரிகளில் அரைமணி நேரம் கழிந்தது. 1928இல் எழுந்த கட்டடம் அது. அந்தக் காலத்துத் திரையரங்குகளில் படம் பார்க்க வந்தவர்களுக்கு விற்ற சிற்றேடுகள், பாம்ஃபுரெத்தோ என்று ஜப்பானியர் சொல்பவை, இரண்டு வாங்கினேன். சுவரொட்டி வாங்க வசதியில்லாத மாணவனாக ஒருவர் இந்தத் துறைக்குள் வந்தால், அவர் தொடங்க வேண்டிய இடம் இந்தச் சிற்றேடுகள்தான் என்பது என் உறுதியான கருத்து.

பிற்பகலில், குறுகிய படிக்கட்டேறிச் செல்ல வேண்டிய ஒரு மாடிக் கடைக்குப் போனேன். உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். நான் என்ன தேடுகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஹான்சாய் போதுமா என்பதுதான். முழுத் தாளைச் சரிபாதியாக வெட்டியது என்ற பொருளில் பி2 அளவை இங்கே தொழிலில் இருப்பவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்: 515 மில்லிமீட்டர் அகலம், 728 மில்லிமீட்டர் உயரம். உலகத் தர அளவான பி2வைவிட இது சற்றே பெரிது. ஜப்பானின் பி வரிசை, எடோ காலத்து மினோ காகிதத்தின் அளவிலிருந்து வந்தது என்பார்கள். வேறு நாட்டில் பி2 என்று கேட்டு வாங்கிய சட்டத்துக்குள் இந்தத் தாள் அடங்காது என்பதைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அடங்கவில்லையே என்று ஓரத்தை வெட்டிய தாளை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு ஹான்சாய்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்த நெடும்பலகை வடிவம் ததெகான். கையில் கொடுக்கும் சிறு துண்டறிக்கை சிராஷி.

அவர் பெரிய தட்டையான இழுப்பறையைத் திறந்து, கண்ணாடித்தாள் உறையிலிருந்த இரண்டு ஹான்சாய்களை மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். இரண்டும் ஒரே படத்துக்கானவை: ஷான் கானரி நடித்த இரண்டாவது ஜேம்ஸ் பாண்ட் படம். ஒன்று 1964இல் ஜப்பானில் முதன்முறை வெளியானபோது அச்சிட்டது. மற்றொன்று 1972 மறுவெளியீட்டுக்கானது. அமெரிக்கச் சுவரொட்டிகளில் அடியோரத்தில் ஆண்டும் வரிசை எண்ணும் இருப்பதுபோல் ஜப்பானியத் தாள்களில் பெரும்பாலும் ஆண்டு அச்சாகியிருக்காது. ஆனால் இந்தப் படத்தைப் பொறுத்தவரை தலைப்பே காலத்தைச் சொல்லிவிடும். 1972இல் ஆங்கிலத் தலைப்பை அப்படியே மொழிபெயர்த்து, ‘ரஷ்யாவிலிருந்து அன்புடன்’ என்ற பொருளில் வைத்தார்கள். 1964இல் வைத்த பெயர் ‘கிகி இப்பாட்சு’.

கிகி என்றால் ஆபத்து. இப்பாட்சு என்பதற்கு வழக்கமான எழுத்தில் ஒரு மயிர் என்று பொருள். மயிரிழையில் தப்பினான் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதையேதான் அவர்களும் அதே மயிரிழையை வைத்துச் சொல்கிறார்கள். அந்தத் தலைப்பில் மயிருக்கான எழுத்தை எடுத்துவிட்டு, அதே ஒலியுடைய வேறோர் எழுத்தை வைத்தார்கள்; அந்த எழுத்துக்குத் துப்பாக்கியிலிருந்து பாயும் ஒரு வேட்டு என்று பொருள். காதுக்கு மயிரிழை, கண்ணுக்குத் தோட்டா. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் ஜப்பான் விளம்பரப் பிரிவில் அப்போது பணியாற்றிய, பின்னாளில் தொலைக்காட்சித் திரைப்பட விமர்சகராக நாடறிந்த மிசுனோ ஹருவோவின் வேலை இது என்பார்கள். மக்கள் மனத்தில் இந்தத் தலைப்பு பதிந்த ஆழத்தால், மரபுத்தொடரை எழுதும்போது மயிருக்குப் பதில் தோட்டாவைப் போட்டுவிடும் பிழை இன்றும் நிகழ்கிறது.

அந்த ஓர் எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கூரைபோல் இருபுறமும் சரியும் கோடுகள். கீழே, புறப்பட்டு ஓரடி எடுத்துவைத்ததுபோல் இரண்டு கால்கள், அவற்றில் வலக்கால் முனையில் ஒரு சுழிப்பு. இந்தத் தாளின் நடுமடிப்பு அந்தக் கால்களுக்கிடையே ஓடி, மை சற்றே உதிர்ந்து, வெள்ளை நூல்போல் தெரிந்தது. நான்கு மூலைகளிலும் ஊசித் துளைகள். உறையின் மேல் ஒட்டிய சீட்டில் உரிமையாளர் எல்லாவற்றையும் நேர்மையாக எழுதியிருந்தார்: மடிப்பு, ஊசித்துளை, வெயிலில் பழுத்தது என்பதைக் குறிக்கும் ‘யாகே’. விலையைப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் மீண்டும் வருகிறேன் என்று தலைவணங்கி இறங்கினேன்.

இரண்டாம் நாள்: க்யோபாஷி

காலை முழுவதும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்தேன். முன்பு நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாக இருந்து, 2018 ஏப்ரலில் தனி நிறுவனமானது. ஏழாம் தளத்தில் ஜப்பானியத் திரைப்பட வரலாற்றுக் கண்காட்சி இருக்கிறது. உளவுப் படங்களுக்காக மட்டும் வருபவர்களுக்கு இங்கே அதிகம் கிடைக்காது. ஆனால் சுவரொட்டியை ஓர் ஆவணமாக மதித்து, வெளிச்சத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து காப்பாற்றும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தவர், வீட்டு வரவேற்பறையில் சன்னலுக்கு எதிரே ஒரு பழைய தாளை மாட்டத் துணியமாட்டார்.

இங்குள்ள சுவரொட்டித் திரட்டில் பெரும்பங்கு, மிசோனோ க்யோஹெய் என்ற தனி மனிதர் சேர்த்த தொகுப்பிலிருந்து வந்தது. வேண்டாதவை என்று திரையரங்குகள் கழித்துக்கட்டியதை ஒருவர் வேண்டும் என்று எடுத்துவைத்ததால், நாட்டுக்கே அவை மிஞ்சின. சேகரிப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் சொல்ல விரும்புவது இவரைப் பற்றித்தான்.

மாலையில் நியூ ஒட்டானி ஹோட்டல்வரை நடந்தேன். 1964 ஒலிம்பிக்குக்காகத் திறந்த இந்தக் கட்டடம், 1967இல் வந்த ஐந்தாவது பாண்ட் படத்தில் வில்லனுடைய இரசாயன நிறுவனத்தின் தலைமையகமாக வந்தது. அந்தப் படத்துக்கு ஜப்பானில் வைத்த பெயர் ‘007 இரண்டு முறை சாகிறான்’. ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ என்ற ஆங்கிலத் தலைப்பு வாழ்வைச் சொல்கிறது. ஜப்பானியத் தலைப்பு சாவைச் சொல்கிறது. 1963இல் வெளியான முதல் படத்துக்கு ‘007 என்பது கொலையின் எண்’ என்று பெயரிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், சுவரொட்டியில் எந்தச் சொல் தெருவில் போகிறவனை நிறுத்தும் என்பதில் அந்தத் தலைமுறை விளம்பரக்காரர்களுக்கு இருந்த தெளிவு புலப்படும். அந்த முதல் படத்துக்கும் 1972 மறுவெளியீட்டில் வில்லன் டாக்டர் நோவின் பெயரையே தலைப்பாக்கிவிட்டார்கள். ஆகவே கொலையின் எண் என்ற சொற்கள் இருக்கும் தாள்தான் முதல் வெளியீட்டுத் தாள்.

மூன்றாம் நாள்: நாகானோ

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இது. டோக்கியோவின் மேற்கே இருக்கும் நாகானோ, சேகரிப்பாளர்களுக்கு நாகானோ பிராட்வே என்ற வணிக வளாகத்தால்தான் அறிமுகம். ஆனால் நிலையத்தின் வடக்கு வாசலில் இறங்கியதும் வளாகத்துக்குப் போகாமல், மேற்குப் பக்கம் திரும்பி முதலில் ஒரு கல்லைப் பார்க்கப் போனேன்.

ஜப்பானிய ராணுவம் உளவாளிகளுக்குப் பயிற்சி அளித்த நாகானோ பள்ளி 1939 முதல் இங்கே இயங்கியது. போரின் இறுதி ஆண்டில் குன்மா மாவட்டத்துக்கு இடம் மாறியது. இயங்கிய காலத்தில் அப்படியொரு பள்ளி இருப்பதே வெளியே தெரியாது. வாசலில் தகவல்தொடர்பு ஆய்வுக்கூடம் என்று பெயர்ப்பலகை தொங்கியது. மாணவர்கள் சீருடை அணியக் கூடாது. ராணுவ வீரனைப்போல் தலையை ஒட்ட வெட்டிக்கொள்ளவும் கூடாது. சாதாரண மனிதரைப்போல் முடி வளர்த்து, கோட்டு அணிந்து நடமாட வேண்டும். அந்த இடத்தில் இப்போது காவல்துறை மருத்துவமனை இருக்கிறது. அதன் வளாகத்தில், பள்ளி இருந்த இடம் என்று பொறித்த நினைவுக்கல் அமைதியாக நிற்கிறது. நான் நின்ற கால்மணி நேரத்தில் நடைவண்டியோடு ஒரு முதியவர் கடந்து போனார்; வேறு யாரும் வரவில்லை.

1966இல் டாயே நிறுவனம் இந்தப் பள்ளியைக் கதைக்களமாக்கி, பள்ளியின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு படம் எடுத்தது. மசுமுரா யசுசோ இயக்கினார். வாள்வீச்சுப் படங்களின் நாயகனாக மக்கள் கொண்டாடிய இச்சிகாவா ரைசோ, கோட்டும் சூட்டும் அணிந்த உளவாளியாக நடித்தார். 1968க்குள் மொத்தம் ஐந்து படங்கள் இந்த வரிசையில் வந்தன. 1969இல் ரைசோ 37 வயதில் மறைந்தார். 1971இல் டாயே திவாலானது. பாண்டின் வெற்றிக்குப் பிறகு உலகெங்கும் உளவுப் படங்கள் கேளிக்கையாக வந்துகொண்டிருந்தபோது, இந்தப் படம் உளவு வேலை ஒரு மனிதனின் பெயரையும் குடும்பத்தையும் காதலையும் எப்படித் தின்றுவிடுகிறது என்று கறுப்பு வெள்ளையில் காட்டியது. அந்தக் காலத்து ஜப்பானிய உளவுப் படங்களில் இதற்கு இணையாக நான் வேறொன்றையும் வைக்கமாட்டேன்.

கல்லைப் பார்த்த பிறகு பிராட்வேக்கு வந்தேன். இந்த வளாகம் திறந்ததும் 1966இல்தான். பள்ளியைப் பற்றிய படம் வந்த அதே ஆண்டு. 1980இல் ஒரு சிறு பழைய காமிக்ஸ் கடையாக இங்கே தொடங்கிய மந்தராகே, இன்று தளத்துக்குத் தளம் பல கடைகளாகப் பரந்திருக்கிறது. நான் வாங்கியது அதைவிட மிகச் சிறிய, வேறொரு கடையில். உருளையாகச் சுருட்டிய ஹான்சாய்கள் குடைத்தாங்கி போன்ற ஒரு பாத்திரத்தில் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் பென்சிலால் பெயர். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தபோது இரண்டு பெயர்களில் கை நின்றது.

முதலாவது, நாகானோ பள்ளிப் படமேதான். பள்ளி இருந்த இடத்திலிருந்து சற்றுத் தொலைவிலேயே அதன் சுவரொட்டி என் கைக்கு வந்ததை எழுதும்போது இப்போதும் விரல்களில் ஒரு படபடப்பு இருக்கிறது. படம் கறுப்பு வெள்ளை. சுவரொட்டிக்கு வண்ணம் உண்டு. நடிகரின் முகத்தைவிட என்னை ஈர்த்தவை தலைப்பெழுத்துகள். அச்சுக்கோப்பிலிருந்து எடுக்காமல் தூரிகைக்காரர் ஒருவர் கையால் வரைந்தவை. கோடுகள் தொடங்குமிடம் தடித்தும் முடியுமிடம் மெலிந்தும், தூரிகை தாளைவிட்டு எழும் இடம்வரை கண் பின்தொடர முடிகிறது. வரைந்தவரின் பெயர் தாளில் எங்கும் இல்லை.

இரண்டாவது, தோஹோ நிறுவனத்தின் ‘சர்வதேச ரகசியப் போலீஸ்’ வரிசையில் நான்காவதான ‘சாவிகளின் சாவி’, 1965. மிஹாஷி தத்சுயா நாயகனாக 1963 முதல் 1967 வரை ஐந்து படங்கள் வந்த வரிசை இது. இந்த நான்காவது படத்தைத்தான் அமெரிக்காவில் வாங்கி, வசனங்களை முழுவதும் அழித்து, வேறு கதை சொல்லும் நகைச்சுவை வசனங்களை வைத்து 1966இல் வுடி ஆலன் வெளியிட்டார். அதனால் மூலப்படம் வெளியுலகில் ஒரு வேடிக்கைப் பொருளாக மட்டுமே அறியப்படுகிறது; எனக்கு அதில் வருத்தம் உண்டு. தானிகுச்சி சென்கிச்சி இயக்கிய அந்தப் படத்தில் நடித்த வகபயாஷி அகிகோ, ஹமா மியே என்ற இருவரும் 1967 பாண்ட் படத்தின் நாயகியரானார்கள். இந்தத் தாளில் அவர்கள் இன்னும் பாண்ட் நாயகியராகாத தோஹோ நடிகைகள். இரண்டு ஆண்டு கழித்து வந்த பாண்ட் சுவரொட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

இருட்டிய பிறகு தெற்கே நடந்து நாகானோ ஷிம்பாஷி நிலையத்துக்குப் போனேன். அந்த பாண்ட் படத்தில் தம்பா தெத்சுரோ ஏற்ற ஜப்பானிய உளவுத்துறைத் தலைவர், தெருவில் நடமாடாமல் தனக்கென்றே வைத்திருக்கும் தனி ரயிலில் பயணம் செய்வார். அந்தத் தனி நிலையமாகக் காட்டியது மாருனோச்சி கிளைப்பாதையிலுள்ள இந்தச் சிறிய பொது நிலையத்தைத்தான். வேலைமுடிந்து திரும்புபவர்களோடு நானும் ஒரு ரயிலேறினேன்.

நான்காம் நாள்: ஹிமேஜி

ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம். வெண்ணிறக் கோட்டையை 1967 படத்தில் நிஞ்சாக்களின் பயிற்சிக்களமாகக் காட்டினார்கள். படப்பிடிப்பில் எறிந்த ஆயுதங்கள் கோட்டைச் சுவரைச் சேதப்படுத்தியதாகச் சொல்வார்கள். சுவரொட்டி தேடி இங்கே வரவில்லை. ஊருக்குள் இருந்த ஒரு பழைய புத்தகக் கடையில் கேட்டேன், கிடைக்கவில்லை. கோட்டையின் மேல்தளத்துச் சன்னல் வழியாக ஊரைப் பார்த்துவிட்டு, இரவே டோக்கியோ திரும்பினேன்.

ஐந்தாம் நாள்: மீண்டும் ஜிம்போச்சோ

இன்று காலை கடை திறந்ததும் படியேறிவிட்டேன். உரிமையாளர் எதுவும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்தார். இம்முறை ‘கிகி இப்பாட்சு’ முதல் வெளியீட்டுத் தாள்கள் இரண்டை எடுத்துவைத்தார். நான் முதல் நாள் பார்த்தது ஒன்று; மற்றொன்று, எந்தச் சுவரிலும் ஏறாமல் கிடங்கிலேயே இருந்துவிட்ட, மடிப்பும் துளையும் இல்லாத தாள். விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து, அனுமதி கேட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் அசல் என்று நம்பி வாங்கிய சுவரொட்டி மறுபதிப்பாகப் போனது முதல், இந்தச் சோதனை இல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை. ஆஃப்செட் அச்சில் புகைப்படப் பகுதி முழுவதும் நுண்புள்ளிகளால் ஆனது. நான்கு நிறப் புள்ளிகளும் கூடிச் சிறு பூக்கள்போல் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளைப் பெரும்பாலும் புள்ளியில்லாமல் திட மையில் தனியாக அச்சிட்டிருப்பார்கள். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். பழைய தாளை ஒளிவருடி எடுத்து மறுபதிப்புச் செய்யும்போது அந்தப் பொடி எழுத்துகளும் படத்தோடு சேர்ந்து புள்ளிகளாகிவிடும், ஓரம் பிசிறடிக்கும். நடிகர் பெயர்களைவிட்டு, கண் போகாத மூலையிலுள்ள மிகச் சிறிய வரியைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு தாள்களிலும் அந்த வரி திடமாக, கருமையாக, ஓரம் பிசிறாமல் இருந்தது. இரண்டுமே அசல்.

உரிமையாளர் முதல் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்புறம் கீழ்மூலையில் ஒரு திரையரங்கின் ஊதா முத்திரை, பாதி அழிந்த நிலையில். மேல்மூலைத் துளைகள் ஒவ்வொன்றும் ஒன்றல்ல. இரண்டு மூன்று நெருங்கி இருந்தன. அப்படியென்றால் இதை ஒருமுறை குத்தி, கழற்றி, மீண்டும் வேறோர் இடத்தில் குத்தியிருக்கிறார்கள். தோட்டா எழுத்தைத் தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தது இந்தத் தாளில்தான். கிடங்கிலேயே கிடந்த தாளை யாரும் படித்திருக்கமாட்டார்கள். துளையுள்ளதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். விலை குறைவு என்பதும் காரணம்தான். ஆனால் இரண்டும் ஒரே விலையாக இருந்திருந்தாலும் இதையேதான் எடுத்திருப்பேன்.

மடிப்பில் மை உதிர்வதை நிறுத்த வழியுண்டா என்று கேட்டேன். பின்புறம், கோசோ என்ற மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய காகிதத்தைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டலாம். நீர் காட்டினால் பிறகு எடுத்துவிடவும் முடியும். ஆனால் பழக்கப்பட்ட கைதான் செய்ய வேண்டும், ஒட்டுநாடாவை மட்டும் எக்காரணம் கொண்டும் வைத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

பிறகு மேசையைத் துடைத்து, அமிலமில்லாத வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் சுவரொட்டியை வைத்து, அச்சுப்பக்கம் உள்ளே வரும்படி அகலமாகச் சுருட்டினார். என் கையிலிருந்த நாகானோ தாள்கள் இரண்டையும் பார்த்ததும், அவை இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்கின்றன என்று தலையசைத்து, அவற்றையும் பிரித்து, தம் கணக்கில் வெள்ளைத்தாள் வைத்து மீண்டும் சுருட்டித் தந்தார். மூன்றும் இப்போது ஒரே அகலக் குழாய்க்குள் இருக்கின்றன. நாளைக் காலை விமானத்தில் அதைக் கைப்பொதியாகவே கொண்டுபோகிறேன்.